ஃபேபியன் சங்கம்: செல்வாக்கு எவ்வளவு, கட்டுக்கதை எவ்வளவு?

கேள்வி இதுதான்: “இங்கிலாந்தின் ஃபேபியன் சங்கம்தான் தொழிற்கட்சியை உருவாக்கியது, மக்கள்நல அரசைக் கொண்டுவந்தது, நேருவை மூளைச்சலவை செய்து இந்தியாவைப் பின்னுக்கு இழுத்தது என்கிறார்கள். அவர்களுடைய சின்னமே ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயாம். சில ஆயிரம் பேர் இருக்கும் ஒரு சங்கத்தால் இவ்வளவும் முடியுமா?”

ஃபேபியன்கள் என்றால் புரட்சி இல்லாமல் படிப்படியாக சோஷலிசத்தைக் கொண்டுவர நினைத்தவர்கள். அவர்களால் கொஞ்சம் முடியும். மீதி கதை. அந்தக் கதையைப் பரப்பியதில் எதிரிகளுக்கு இருக்கும் பங்கு ஃபேபியன்களுக்கும் உண்டு. தங்கள் பெருமையைத் தாங்களே எழுதிக்கொள்வதில் அவர்கள் கூச்சப்பட்டதே இல்லை. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா மாதிரி ஓர் ஆள் உள்ளே இருந்தால் வேறென்ன நடக்கும்? என் கணிப்பு இதுதான்: அவர்களுடைய கருத்துகளைவிட அவர்களுடைய வேலைமுறைதான் உலகம் சுற்றியது. அதை அதிகமாகக் கற்றுக்கொண்டவர்கள் அவர்களுடைய எதிரிகள்.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1884 ஜனவரி 4 அன்று லண்டன் ஆஸ்னபர்க் தெருவில், எட்வர்ட் பீஸ் என்ற பங்குத்தரகர் குடியிருந்த இடத்தில் சங்கம் பிறந்தது. அதற்கு முன்பே “புதுவாழ்வுத் தோழமை” என்று ஒரு குழு இருந்தது. எளிமையாக வாழ்வது, குணத்தைச் செம்மைப்படுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள். குணம் மாறினால் போதாது, சமூக அமைப்பும் மாறவேண்டும் என்று நினைத்தவர்கள் அதிலிருந்து பிரிந்து வந்தார்கள். பெயர் வைத்தவர் ஃபிராங்க் போட்மோர், ஆவி ஆராய்ச்சியில் தீவிர ஈடுபாடு உள்ளவர். ஹானிபலை நேருக்கு நேர் மோதாமல் இழுத்தடித்தே களைப்படையச் செய்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயரை எடுத்தார். பின்னால் ஆமை அவர்களுக்குச் சின்னமானது.

முதல் துண்டுப் பிரசுரத்தை எழுதியவர் பேராசிரியர் இல்லை, வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. பலர் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பதுதான் அதன் தலைப்பு. ஆனால் அந்த வகை ஆட்கள் அதிகம் சேரவில்லை. அதே ஆண்டு ஷா வந்தார். அடுத்த ஆண்டு சிட்னி வெப், சிட்னி ஆலிவியர், அன்னி பெசன்ட் வந்தார்கள். வெப்பும் ஆலிவியரும் காலனி அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். கோப்புகளோடு குடும்பம் நடத்துகிறவர்கள். சங்கத்தின் குணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்பேன்.

1887-இல் வெப் தயாரித்த பிரசுரத்தைப் பார்த்தால் இது புரியும். அதில் ஆவேசம் கிடையாது. நாட்டின் வருமானத்தில் நிலவாடகையாகவும் வட்டியாகவும் போவது எவ்வளவு, உழைக்கிறவன் கைக்கு வருவது எவ்வளவு என்று அரசாங்கமே அச்சடித்த புள்ளிவிவரத்திலிருந்து எடுத்து வரிசையாக வைத்திருப்பார். எதிராளி மறுக்கவேண்டும் என்றால் தன் சொந்த அரசாங்கத்தின் கணக்கை மறுக்கவேண்டும். அதுவரை சோஷலிசப் பேச்சு என்றால் மேடையில் முழங்குவது. இவர்கள் அதைத் தணிக்கை அறிக்கை மாதிரி ஆக்கினார்கள்.

அதே 1887 நவம்பர் 13 அன்று டிராஃபல்கர் சதுக்கத்தில் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஷாவும் பெசன்டும் அதில் இருந்தவர்கள். தெருவில் மோதி அரசைக் கவிழ்க்கலாம் என்ற எண்ணம் ஷா போன்றவர்களுக்கு அதோடு விட்டுப்போனது. பெசன்டுக்கு மட்டும் தெரு அலுக்கவில்லை. 1888 ஜூனில் ஒரு ஃபேபியன் கூட்டத்தில் பெண்தொழிலாளர் நிலைபற்றிப் பேச்சு நடந்தபோது, கிழக்கு லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை பற்றிய பேச்சு எழுந்தது. பெசன்ட் நேரே போய் அங்கே வேலைசெய்யும் பெண்களிடம் விசாரித்தார். வாரம் 4 ஷில்லிங் வாங்கும் 16 வயதுப் பெண், கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் அபராதம், வேலையில் பேசினால் அபராதம் என்று விவரமாகத் தன் பத்திரிகையில் எழுதினார். ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், சில வாரங்களில் வென்றார்கள். இதைச் சங்கத்தின் சாதனை என்று சொல்லமுடியாது. பெசன்டும் அந்தப் பெண்களும் செய்தது. 1890-இல் அவர் சங்கத்தை விட்டு பிரம்மஞான சபைப் பக்கம் போய்விட்டார். அப்புறம் அடையாறு, ஹோம் ரூல், 1917 காங்கிரஸ் தலைமை எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்ற பி.பி.வாடியா அவருடைய சகாதான். ஆனாலும் அது பிரம்மஞான சபை, ஹோம் ரூல் வழியாக வந்த தொடர்பு. அதை இழுத்து ஃபேபியன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சங்கத்தின் பெயர் வெளியே பரவியது 1889-இல் ஷா தொகுத்து வந்த கட்டுரைத் தொகுப்பால். அப்போது உறுப்பினர்கள் இருநூறு பேர்கூடக் கிடையாது. கூட்டம் சேர்ப்பது அவர்கள் நோக்கமே இல்லை. அவர்கள் வைத்த பெயர் “ஊடுருவல்”. லிபரலோ கன்சர்வேட்டிவோ, யார் கையில் முடிவு இருக்கிறதோ அவர் மேசையில் தங்கள் வரைவு போய் உட்காரவேண்டும். இன்று டெல்லியிலும் வாஷிங்டனிலும் சிந்தனைக் குழாம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் செய்வது இதைத்தான்.

இதில் உண்மையான பலன் கிடைத்த இடம் லண்டன் மாநகராட்சி. 1892-இல் வெப் டெப்ட்ஃபோர்டிலிருந்து அந்த அவைக்குத் தேர்வானார். தொழிற்கல்விக் குழுவின் தலைமையைப் பிடித்துக்கொண்டார், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஏணி ஒன்றைக் கட்டினார். தண்ணீர், எரிவாயு, டிராம் ஆகியவற்றை நகராட்சியே நடத்தவேண்டும் என்று வாதாடினார்கள். “தண்ணீர்க்குழாய் சோஷலிசம்” என்று கிண்டல் செய்தார்கள். குழாயில் தண்ணீர் வராத தெருவில் இருந்தவர்கள் கிண்டல் செய்திருக்க மாட்டார்கள்.

அதே 1892-இல் வெப், பியட்ரிஸ் பாட்டரை மணந்தார். ரயில்வே முதலாளியின் மகள், அப்பா வைத்துவிட்டுப்போன வருமானம் ஆண்டுக்கு 1,000 பவுண்டு. அந்தப் பணத்தில்தான் இருவரும் ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு தாளில் ஒரே ஒரு தகவல், கூடவே தேதி, இடம், எங்கே கிடைத்தது என்ற விவரம். இது பியட்ரிஸின் கண்டிப்பான விதி. தாள்கள் மலையாகக் குவிந்ததும் சீட்டு கலைப்பதுபோலக் கலைத்து, இடம்வாரியாக ஒருமுறை, காலவாரியாக ஒருமுறை, காரணவாரியாக ஒருமுறை அடுக்கிப் பார்ப்பார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் இப்படி மாற்றி அடுக்க முடியாது இல்லையா? தொழிற்சங்கங்கள் பற்றி அவர்கள் இப்படி எழுதிய பெரிய நூலை சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டிருந்த ஓர் இளைஞர் ரஷ்ய மொழியில் பெயர்த்தார். பெயர் லெனின். பின்னாளில் அதே லெனின், ஷா நல்ல மனிதர், ஃபேபியன்களிடம் மாட்டிக்கொண்டார் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

அடுத்தது, சங்கம் செய்த காரியங்களிலேயே பெரியது. 1894-இல் டெர்பி ஊரைச் சேர்ந்த ஹட்சின்சன் என்ற வக்கீல் தற்கொலை செய்துகொண்டார். உயிலில் சுமார் 20,000 பவுண்டு சங்கத்தின் பிரசாரத்துக்கும் பிற நோக்கங்களுக்கும் என்று எழுதியிருந்தார். சரேயில் ஒரு பண்ணைவீட்டில் ஆகஸ்ட் மாதத்துக் காலை உணவின்போது வெப் தம்பதி, ஷா, கிரஹாம் வாலஸ் நால்வரும் இதைப் பேசினார்கள். பிரசுரம் அடித்து வீணாக்கவேண்டாம், ஒரு பொருளாதாரக் கல்லூரி தொடங்கலாம் என்று வெப் முடிவெடுத்தார். 1895-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பிறந்தது. சோஷலிசத்துக்கு விட்ட பணத்தைப் பொதுக் கல்விக்குத் திருப்புவதா என்று சங்கத்துக்குள்ளேயே சண்டை. ஷாவுக்கே கோபம்தான். வெப்போ முதல் இயக்குநராக சோஷலிஸ்டே அல்லாத ஹூயின்ஸைக் கொண்டுவந்தார். அந்த ஹூயின்ஸ் பின்னாளில் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆனார். உண்மைகளைத் திரட்டினாலே போதும், ஆராய்கிறவன் தானாக நம் பக்கம் வந்துவிடுவான் என்று வெப் நம்பினார். அந்த நம்பிக்கை எப்படிப் பொய்த்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தொழிற்கட்சியை இவர்கள்தான் உருவாக்கினார்களா? இல்லை. பின்னால் தொழிற்கட்சியாக மாறிய தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு 1900 பிப்ரவரியில் தொடங்கியபோது ஃபேபியன்களும் கலந்துகொண்டார்கள், பீஸ் அதன் செயற்குழுவில் உட்கார்ந்தார், உண்மைதான். ஆனால் ஓடியாடியவர்கள் சுரங்கத் தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டியின் ஆட்களும் தொழிற்சங்கங்களும். வெப் தம்பதிக்கு அப்போது அதில் பெரிய நம்பிக்கையே இல்லை. 1901-இல் டாஃப் வேல் வழக்கின் தீர்ப்பு, வேலைநிறுத்த நஷ்டத்தைத் தொழிற்சங்கமே கட்டவேண்டும் என்று சொன்ன பிறகுதான் சங்கங்கள் கூட்டமாக அந்தக் கட்சிப் பக்கம் நகர்ந்தன. வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் தன் முனைவர் பட்ட ஆய்வையே ஃபேபியன்கள் பற்றித்தான் செய்தார். அவர்கள் சொல்லிக்கொண்ட அளவுக்கு செல்வாக்கு அவர்களுக்கு இல்லை என்பது அவருடைய முடிவு. இந்தக் காலகட்டத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நான்.

கட்சிக்குள் இவர்கள் கை ஓங்கியது முதல் உலகப்போர் முடிவில். 1918-இல் கட்சி தனக்கென அமைப்புவிதி எழுதியபோது வரைந்தவர் வெப். உற்பத்திச் சாதனங்களைப் பொதுவுடைமை ஆக்குவதைக் குறிக்கோளாகச் சொன்ன நான்காம் விதி பெரும்பாலும் அவர் கைவண்ணம். அடுத்த 77 ஆண்டுகள் அந்தக் கட்சி சண்டைபோட்டுக்கொண்டது அந்த ஒரு பத்தியைச் சுற்றித்தான்.

மக்கள்நல அரசு விஷயம் இன்னும் சிக்கல். ஏழைகள் சட்டத்தை ஆராய அமைத்த அரச ஆணையத்தில் பியட்ரிஸ் உறுப்பினர். 1909-இல் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனியாக ஒரு சிறுபான்மை அறிக்கை எழுதினார். ஏழ்மை ஒழுக்கக்கேட்டால் வருவதல்ல, அதைத் தடுப்பது அரசின் கடமை, மருத்துவம் தனித்துறையாக வரவேண்டும் என்பது அதன் சாரம். அதற்காக நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். என்ன ஆயிற்று? லிபரல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1911-இல் காப்புறுதித் திட்டத்தைக் கொண்டுவந்து இவர்களை ஓரங்கட்டிவிட்டார். ஆனால் அந்த அறிக்கைக்காக வேலைசெய்த இளைஞர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். 1942-இல் மக்கள்நல அரசுக்கு அடித்தளமான தன் புகழ்பெற்ற அறிக்கையை எழுதிய அவர், அதன் வேர் வெப் தம்பதியிடம் கற்றதில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர். இத்தனைக்கும் அவர் லிபரல். 1948-இல் தேசிய மருத்துவ சேவையைக் கொண்டுவந்த அன்யூரின் பெவனோ, தன் ஊரான டிரெடிகாரில் சுரங்கத் தொழிலாளர்கள் காசு போட்டு நடத்திய மருத்துவச் சங்கத்தை முன்மாதிரியாகச் சொன்னார். ஆகவே தகப்பன்மார் பலர்.

இவர்களுடைய கறைகளையும் சொல்லவேண்டும், ரசிகர்கள் சுலபமாகத் தாண்டிப்போகும் இடம் இது. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் நடத்திய போயர் போரை எதிர்க்க மாட்டோம் என்று சங்கம் முடிவெடுத்தபோது பின்னாளில் பிரதமரான ராம்சே மெக்டொனால்டு போன்றவர்கள் வெளியேறினார்கள். ஷா பேரரசுக்கு ஆதரவாகவே பிரசுரம் எழுதினார். ஆலிவியர் 1924-இல் முதல் தொழிற்கட்சி அரசில் இந்திய அமைச்சர். அவர் காலத்தில்தான் வங்காள அவசரச் சட்டம் வந்தது, சுபாஷ் சந்திர போஸ் உள்ளிட்ட பலர் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். எல்லாவற்றையும்விட மோசம் வெப் தம்பதியின் சோவியத் காதல். 1932-இல் ரஷ்யா போய்வந்து, “புதிய நாகரிகமா?” என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டு 1935-இல் பெரிய நூல் எழுதினார்கள். உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்ததை அதில் மழுப்பினார்கள். ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த 1937-இல் வந்த மறுபதிப்பில் கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். ஒரு தாளுக்கு ஒரு தகவல் என்று வாழ்ந்தவர்கள், அரசாங்கம் கொடுத்த தாளை அப்படியே நம்பினார்கள்.

அந்த ஓநாய்? அது சின்னம் இல்லை, ஷாவின் குசும்பு. 1910-இல் அவர் யோசனையில் செய்த ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஷாவும் வெப்பும் உலக உருண்டையைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள், பீஸ் துருத்தி ஊதுகிறார், மற்றவர்கள் கீழே புத்தகக் குவியல் முன் மண்டியிட்டிருக்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு சங்கத்தை விட்டுப்போன நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் மூக்கில் விரலை வைத்து எல்லோரையும் பழிக்கிறார். மேலே அந்த ஓநாய். சதித்திட்டம் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ணாடியில் வரைந்து மாட்டுவார்களா? 1978-இல் திருடுபோன ஜன்னல் 2005-இல் திரும்பக் கிடைத்தது. இப்போது அவர்கள் தொடங்கிய அதே லண்டன் கல்லூரியில் இருக்கிறது.

சங்கம் நவீன சிந்தனைக் குழாமாக மாறியது 1930களில், ஜி.டி.எச்.கோல் என்பவரால். அவர் தனியாகத் தொடங்கிய ஆய்வுக்குழு பழைய சங்கத்தோடு இணைந்தது. 1939-இல் ஒரு விதி வந்தது: சங்கம் என்ற முறையில் எந்த அரசியல் கருத்தையும் தீர்மானமாக நிறைவேற்றக் கூடாது. பிரசுரத்தில் இருப்பது எழுதியவர் கருத்து மட்டுமே. சாதாரண விதியாகத் தெரியும். ஆனால் கட்சிக்குள் இடதும் வலதும் அடித்துக்கொண்டபோதெல்லாம் சங்கம் உடையாமல் தப்பியது இதனால்தான். 1945-இல் வென்ற 393 தொழிற்கட்சி எம்.பி.க்களில் 200-க்கும் மேற்பட்டோர் உறுப்பினர்கள், பிரதமர் அட்லீ உட்பட. 200 பேருக்கும் ஒரே கருத்து இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஏதோ ஒரு மன்றத்தில் சந்தா கட்டியவர்கள், அவ்வளவுதான்.

இனி, வெப்பின் நம்பிக்கை பொய்த்த கதை. 1931 முதல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்தியவர் ஃபிரீட்ரிக் ஹாயெக், திட்டமிட்ட பொருளாதாரத்தின் பரம எதிரி. போர் முடிந்த சமயம் ஆன்டனி ஃபிஷர் என்பவர் அவரைத் தேடிவந்தார். அரசியலில் இறங்கி சோஷலிசத்தைத் தடுக்கப்போகிறேன் என்றார். ஹாயெக் வேண்டாம் என்றார். அரசியல்வாதி பின்னால்தான் வருவான், முதலில் ஆசிரியர், பத்திரிகையாளர், எழுத்தாளர் மனங்களை மாற்று, ஃபேபியன்கள் அப்படித்தான் ஜெயித்தார்கள் என்பது அவருடைய யோசனை. ஃபிஷர் கோழிப்பண்ணையில் சம்பாதித்த பணத்தில் 1955-இல் ஒரு பொருளாதார நிறுவனம் தொடங்கினார். சிறு பிரசுரங்கள், பொறுமை, எந்தக் கட்சியிலும் சேராமை. மார்கரெட் தாட்சரின் கொள்கைகளுக்கு நிலம் உழுதது அதுதான். அதைப் பார்த்துத் தொடங்கிய நிறுவனங்கள் இன்று பல நாடுகளில். ஃபேபியன்களின் வேலைமுறையைப் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் வலதுசாரிகள்தான்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981-இல் கட்சி உடைந்து புதுக்கட்சி கிளம்பியபோது சங்கமும் ஆடிப்போனது. பிறகு தேறியது. இங்கிலாந்து வங்கிக்கு வட்டிவிகிதத்தில் சுதந்திரம் தரவேண்டும் என்று எட் பால்ஸ் 1992-இல் ஒரு ஃபேபியன் பிரசுரத்தில் எழுதினார். 1997 மே மாதம் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த சில நாளிலேயே நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அதைச் செய்தார். வெப் எழுதிய நான்காம் விதியை மாற்றலாம் என்று 1993-லேயே யோசனை சொன்னதும் சங்கம் அமைத்த குழுதான். 1995-இல் டோனி பிளேர் மாற்றினார். கியர் ஸ்டார்மர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவர். 2021-இல், தொழிற்கட்சித் தலைவராக, தன் அரசியலை விளக்கும் நீண்ட கட்டுரையை வெளியிட அவர் தேர்ந்தெடுத்த இடமும் இதுதான்.

நேருவுக்கு வருவோம். லண்டனில் இருந்த இளவயதில் ஃபேபியன், சோஷலிசக் கருத்துகள்மேல் ஒரு தெளிவற்ற ஈர்ப்பு இருந்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் ஆதாரம். அவரை உண்மையில் திருப்பியது 1927-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த காலனி எதிர்ப்பு மாநாடும் அதே ஆண்டு மாஸ்கோ பயணமும். 1955-இல் ஆவடி காங்கிரஸ் “சோஷலிச பாணி சமுதாயம்” என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலை முன்வைத்த, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் கணக்கு. அதில் சோவியத் சாயல்தான் அதிகம், தண்ணீர்க்குழாய் ஃபேபியன் சாயல் குறைவு. லைசென்ஸ், பர்மிட் கட்டுப்பாடுகளில் பல போர்க்காலத்து ஆங்கில அரசு விட்டுப்போன பழக்கம். அரசு பெருமுதலீடு செய்யவேண்டும் என்று 1944-இல் டாடாவும் பிர்லாவும் சேர்ந்தே பம்பாய் திட்டம் போட்டார்கள்.

கிருஷ்ண மேனன் ஃபேபியன் பிரமுகர் ஹெரால்டு லாஸ்கியின் மாணவர், அந்தத் தொடர்பு நிஜம். ஆனால் லாஸ்கியிடம் படித்த இலங்கையின் என்.எம்.பெரேரா கொழும்புக்குத் திரும்பி 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி டிராட்ஸ்கியவாதியானார். அம்பேத்கர் அதே கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவருக்கு வழிகாட்டிய எட்வின் கேனன் ஃபேபியனே அல்ல. லண்டனில் படித்தார், ஆகவே ஃபேபியன் என்று முடிச்சுப் போடுகிறவர்கள் இந்த இருவரையும் எங்கே வைப்பார்கள்?

சிட்னி வெப்போடு நேரடித் தொடர்பு உள்ள இந்தியர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜான் மத்தாய். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போய், நம் கிராமங்களின் பழைய ஆட்சிமுறை பற்றி ஆய்வு செய்தவர். அது 1915-இல் நூலானபோது முன்னுரை எழுதியவர் வெப். பிறகு சென்னையில் பொருளாதாரப் பேராசிரியர், டாடா குழுமத்தில் உயர்பதவி, பம்பாய் திட்டத்தில் கையெழுத்து, நேருவின் அமைச்சரவையில் நிதியமைச்சர். 1950-இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். அவர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, திட்டக் கமிஷன் இன்னொரு அமைச்சரவைபோல ஆகிவிடும் என்பது.